தரை போடுவதற்கு முன்

கோரிப்பாளையம், மதுரை
ஜனவரி 11, 2025

அன்புள்ள தெரசாக்கா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, காப்பிகூடக் குடிக்காமல், கீழக்குயில்குடிக்குப் போய் எங்கள் புது வீட்டின் சமையலறைக்குள் நின்றேன். சமையலறை என்றால் தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு, மூலைக்கு ஒரு முளைக்குச்சி. இப்போதைக்கு வீடு அவ்வளவுதான். மலையின் நிழல் மனையை விட்டு இன்னும் விலகவில்லை. கூடத்திலிருந்து படுக்கையறைக்குச் சுவர் வழியாகவே நடந்து போனேன். யேசுதாஸ் வண்டியை விட்டு இறங்காமல், "ஏய், கதவு அங்கிட்டு இருக்கு! சுவத்துல முட்டிக்கிறாத!" என்று கத்தினார்.

நீ நலமா? மலைக் குளிருக்கு முழங்கால் என்ன சொல்கிறது? இங்கே எனக்குப் பள்ளியில் திருப்புதல் தேர்வுப் பேப்பர்கள், யேசுதாஸுக்கு விடாத இருமல். மற்றபடி குறையில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கொத்தனார் அருள்பாண்டி என்னை நிற்க வைத்துச் சொல்லிவிட்டார்: "டீச்சர், வெளிநாட்டுல வீட்டுக்கு அடியில ஒரு அறை இருக்குமாம், பைப்பு, வயரு எல்லாம் அதுல வந்து எறங்குமாம். நமக்கு அது கெடையாது. பேஸ்மட்டத்துக்குள்ள மண்ணக் கொட்டிக் குத்தி, மேல கான்கிரீட்ட போட்டுட்டா அம்புட்டுத்தான். தண்ணி எங்கிட்டு வரணும், சாக்கடை எங்கிட்டுப் போகணும், கரண்டு எங்கிட்டு நுழையணும், எல்லாத்தையும் இப்பவே சொல்லிருங்க. பெறவு வந்து 'அண்ணே, இங்கன ஒரு பைப்பு'ன்னு நின்னீகன்னா நான் ஓடியே போயிருவேன்."

எனக்கு இதில் என்ன தெரியும்? வெளியே கால் வைக்காத அந்த அடைப்பு மடத்துக்குள் நீ போன நாளாக அதன் தண்ணீரை நீதான் பார்க்கிறாய். சகோதரிகள் உன்னை 'மோட்டார் சிஸ்டர்' என்று கூப்பிடுவதாக எழுதியிருந்தாயே. உன்னைவிட்டால் யாரைக் கேட்பேன்?

வீடு நாலு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. தெரு மேற்கில். தென்கிழக்கில் சமையலறையும் அதை ஒட்டிக் குளியலறையும். வடகிழக்கில் ஒரு சின்ன அறை, புத்தகங்களும் இஸ்திரி மேசையும் போட. மீதி கூடமும் படுக்கையறையும். ஒரு படம் வரைந்து அனுப்பினால் போதும், அப்படியே கொத்தனாரிடம் கொடுத்துவிடுவேன்.

எங்களுக்காகவும் வேண்டிக்கொள்.

உன் தங்கை,
ஜெசிந்தா


†
மடம், ஜனவரி 29

அன்புள்ள ஜெசி,

கடவுள் கிருபையால் நலம். முழங்கால் படி ஏறும்போது மட்டும் தன்னை நினைவூட்டுகிறது. யேசுதாஸுக்கு மிளகுக் கஷாயம் கொடு, சிரிப்பை நிறுத்தினால் இருமலும் நிற்கும் என்று சொல்.

சுண்ணாம்புக் கோட்டு வீட்டை நினைத்துக்கொண்டே இருந்தேன். சுவரே இல்லாத அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போவது எப்படியிருக்கும் என்று.

இப்போது வேலையைப் பார்ப்போம். குழாயை நேரே கான்கிரீட்டுக்குள் புதைக்க விடாதே. பேஸ்மட்டத்தைச் சுற்றிப் பெல்ட் கான்கிரீட் போடும்போதே அதைவிடப் பெரிய குழாய்த்துண்டு ஒன்றைக் குறுக்கே வைத்துவிட வேண்டும். உண்மையான குழாய் அதற்குள் தளர்வாகப் போகட்டும். எல்லா வீடும் கட்டிய பிறகு கொஞ்சம் அமுங்கும். அமுங்கும்போது வீடு குழாயின்மேல் உட்கார்ந்துவிடக் கூடாது. மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் ஒரே பள்ளம் வேண்டாம். கழிவுக் குழாயை ஒரேயடியாக மடக்காதே, இரண்டு சின்ன வளைவாகத் திருப்பு. ஒவ்வோர் அறைக்கும் தனி வால்வு வை. ஓர் அறையில் பழுது பார்க்க வீடு முழுவதும் தாகத்தோடு இருக்கக் கூடாது. இங்கே எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒரே வால்வு வைத்துவிட்டார்கள். குசினியில் ஒரு வாஷர் மாற்றினாலும் அத்தனை பேரும் காய்ந்து கிடப்போம்.

மோட்டாரை நிறுத்திய பிறகும் குழாய்களுக்குள் தண்ணீர் கொஞ்ச நேரம் நடந்துகொண்டிருக்கும். காதை வைத்தால் கேட்கும். நீயும் கேட்டுப் பார், வீடு முடிந்ததும்.

படத்தைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். அறைகளின் பெயரை எழுதவில்லை, உனக்குத்தான் தெரியுமே. அந்தச் சின்ன அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம்?

செபத்தில் உங்கள் இருவரையும் வைத்திருக்கும்,
தெரசா


கோரிப்பாளையம்
பிப்ரவரி 23

அன்புள்ள அக்கா,

நலமா? நாங்கள் நலம், ஆனால் சிரித்துச் சிரித்து யேசுதாஸின் இருமல் திரும்பிவிட்டது. காரணம் நானும் நீயும்.

நேற்று பெல்ட் கான்கிரீட்டின் பலகையைப் பிரித்தார்கள். உன் படத்தில் இருந்தபடியே பெரிய குழாய்த்துண்டுகள் வரிசையாக, அழகாக. ஆனால் சமையலறையில் ஒன்றும் இல்லை. எல்லாம் வடகிழக்கு அறையில்.

"அண்ணே, சமையலறை தெக்கிட்டுல்ல?"

அருள்பாண்டி உன் தாளை விரித்தார். "இந்தா பாருங்க, மேல குறி போட்ருக்குல்ல. வடக்குன்னு வச்சுத்தான் போட்டேன்."

"அது சிலுவைண்ணே."

"சிலுவையா? பிளான்ல எதுக்கு டீச்சர் சிலுவ?"

என்ன சொல்வேன்! நீ எந்தத் தாளை எடுத்தாலும் மேலே ஒரு சிலுவை போடாமல் எழுதியதில்லை. நான் அதைக் கவனிக்கவேயில்லை. உன் மடத்திலோ வரைபடத்தில் சிலுவை போட்ட பக்கம்தான் பீடம், பீடம் என்றால் கிழக்கு. கிழக்கை மேலே வைத்து நீ வரைய, மேலே இருப்பது வடக்கு என்று அவர் படிக்க, வீடே ஒரு கால் சுற்றுத் திரும்பிவிட்டது.

அருள்பாண்டி தலையைச் சொறிந்தார். "நானும் ரோசிச்சேன் டீச்சர். ஈசானி மூலையில எவனாச்சும் கக்கூசு பைப்பு வப்பானா? கையே வரல. பெறவு, நீங்க வேதக்காரக, ஒங்களுக்கு வாஸ்து கெடையாது, நாம எதுக்கு வாயத் தொறந்துக்கிட்டுன்னு விட்டுட்டேன்."

யேசுதாஸ் மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டார். "ஜியாக்ரபி டீச்சரு! ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வடக்கு எங்கிட்டு இருக்குன்னு சொல்லிக் குடுக்குற ஆளு!"

பெல்ட்டுக்குக் கீழே கல்கட்டில் வழிவிட்டுச் சமையலறைக்கு வேறு குழாய் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்தத் தவறான குழாய்களை என்ன செய்வது? உடைத்து எடுக்கவா, மூடிவிடவா? தவக்காலம் வரப் போகிறது. நீ உயிர்ப்பு ஞாயிறு கழிந்துதான் எழுதுவாய். அதுவரை இருக்கட்டும், அவசரமில்லை.

ஜன்னல் கேட்டாயே. கிழக்கில் ஒன்று. மலை தெரியும்.

அன்புடன்,
ஜெசி


†
மடம், மார்ச் 13

ஜெசி,

நலம். உடைக்க வேண்டாம். மூடி போட்டு, எலி நுழையாமல் பார்த்துக்கொள். திசையைக் குறிக்காமல் விட்டது நான்.

அந்தச் சின்ன அறையின் கழிவுக் குழாயில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, வெளியே ஒழுங்காக ஓடுகிறதா என்று பார். அது நான்கு அங்குலமா, இரண்டா? எழுது.

யேசுதாஸின் இருமலுக்கு மருத்துவரைப் பாருங்கள்.

தெரசா


கோரிப்பாளையம்
மார்ச் 30

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் தபால்காரர் கையில் தெரிந்ததும் செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினேன். தவக்காலத்தில் உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட வந்ததில்லை. அம்மா இறந்த வருடம்கூட, பாஸ்கா கழிந்துதான் எழுதினாய். நின்றபடியே பிரித்தேன்.

யேசுதாஸ், "என்னடி, மடத்துல ஏதாச்சுமா?" என்றார்.

"பைப்பு நாலு இஞ்சான்னு கேட்டு எழுதியிருக்கா."

"தவக்காலத்துலயா?"



நான்கு அங்குலம் அக்கா. நான் அருள்பாண்டியிடம் கேட்டேன், அதில் என்ன வித்தியாசம் என்று. "ரெண்டுன்னா கை கழுவலாம். நாலுன்னா ஒரு ஆளு அந்த ரூம்லயே பொழங்கிக்கலாம் டீச்சர், வெளிய வரவே வேணாம்" என்றார். வாளித் தண்ணீர் ஊற்றினோம். நான் வெளியே கழிவுத் தொட்டிப் பக்கம் குனிந்து காத்திருந்தேன். முதலில் ஒரு மூச்சு மாதிரி காற்று வந்தது, பிறகு தண்ணீர். தூசியும் ஒரு வேப்பிலையும் கூடவே வந்தன. நன்றாக ஓடுகிறது.

பேஸ்மட்டத்துக்குள் கிராவல் மண் கொட்டியாகிவிட்டது. உடனே கான்கிரீட் போட அருள்பாண்டி சம்மதிக்கவில்லை. "கோடை மழை ஒண்ண நல்லாக் குடிக்கட்டும், எம்புட்டு எறங்குமோ எறங்கட்டும், பெறவு தரை போட்டா வெடிக்காது" என்கிறார். எனவே மழைக்குக் காத்திருக்கிறோம். மூடி போட்ட குழாய்கள் மண்ணுக்கு மேலே கொஞ்சம் தலைநீட்டி நிற்கின்றன.

அங்கிருந்து மலைக்கு நடந்தேன். சமணர் படுகையில் ஆளில்லை. கல்லில் வெட்டிய அந்தப் படுக்கை ஒன்றில் படுத்துப் பார்த்தேன், தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்தி வெட்டியிருக்கிறார்கள். குளிர்ச்சி முதுகு வழியாக ஏறியது. மேலே பாறை விளிம்பில் நீளமாக ஒரு காடி. மழைத் தண்ணீர் உள்ளே வழியாமல் அதோடு ஓடி ஒரு பக்கமாக விழும். எல்லாவற்றையும் விட்டு வந்தவர்கள்தான், ஆனாலும் தண்ணீருக்கு ஒரு வழி பார்த்திருக்கிறார்கள். கண்ணை மூடினால் யாரோ பக்கத்துப் படுக்கையில் படுத்திருப்பது போல இருந்தது. உன் நினைவுதான்.

அக்கா, நீ நலமா? எல்லாக் கடிதத்திலும் கேட்பதுதான். இந்தத் தடவை பதிலுக்காகக் கேட்கிறேன்.

ஜெசி


†
மடம், ஏப்ரல் 27

அன்புள்ள ஜெசி,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்து உங்கள் இருவருக்கும். இங்கே பாஸ்கா இரவில் மழை பெய்தது, மெழுகுதிரிகளைக் கைக்குள் பொத்திக்கொண்டு நின்றோம்.

தவக்காலத்தில் எழுத மதரிடம் அனுமதி கேட்டேன். காரணம் கேட்காமல் கொடுத்தார்கள். முன்பெல்லாம் எங்கள் கடிதங்களைப் பிரித்துப் படித்த பிறகுதான் அனுப்புவார்கள், உனக்குத் தெரியும். அந்த வழக்கம் போய் வெகு காலமாயிற்று. ஆனாலும் பேனாவைப் பிடித்தால், நமக்கும் தபாலுக்கும் நடுவே இன்னொருவர் படிக்கப் போகிறார் என்றே கை எழுதுகிறது. அதைக் கைக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

புதிதாக வந்த சின்னச் சகோதரிக்கு மோட்டாரைக் கற்றுக்கொடுக்கிறேன். சுவிட்சைத் தொடும் முன் சிலுவை அடையாளம் போடுகிறாள். "அது கரண்டுக்குத் தெரியாதும்மா, மொதல்ல செருப்ப மாட்டு" என்றேன். பயம் போய்விட்டால் நன்றாகப் பார்த்துக்கொள்வாள். எந்த வால்வு எந்தப் பக்கம் என்று சுவரில் சாயத்தால் எழுதி வைத்துவிட்டேன்.

நான்கு அங்குலம் நல்லது.

மலை தெரியும் என்றாயே, காலையில் அந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெயில் விழும்? அறையிலிருந்து வெளியே தோட்டத்துக்கு நேரே வழி உண்டா, இல்லை கூடம் வழியாகத்தான் வர வேண்டுமா? சும்மா கேட்கிறேன்.

யேசுதாஸ் நலம்தானே? நீ?

தெரசா


கோரிப்பாளையம்
மே 9

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆசை.

வேலை நின்றிருக்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும் வரை எந்த ஆளும் வர மாட்டான் என்று அருள்பாண்டி சொல்லிவிட்டார். தெரு முழுக்க மக்கள். கோரிப்பாளையம் முக்கில் வண்டியைத் திருப்ப முடியவில்லை.

அதற்கு முந்தின வாரம் எலக்ட்ரீஷியன் கருத்தக்கண்ணன் வந்தார். மின்கம்பத்திலிருந்து கேபிள் தரைக்கடியில் எந்த வழியாக வரும், மீட்டர் எங்கே என்று குறித்தார். அறை அறையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர் வடகிழக்கு அறையில் நின்று, "இதுக்கு எத்தன பாயிண்ட்டுக்கா? ஆளு இருக்குற ரூமா, சாமான் இருக்குற ரூமா?" என்றார்.

நான் யேசுதாஸைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். கருத்தக்கண்ணன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "சரி, பேசிட்டுச் சொல்லுங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று டீக்குடிக்கப் போய்விட்டார்.

அப்போதுதான் யேசுதாஸ் வாயைத் திறந்தார். "உங்கக்கா வர்றாகளா?"

"தெரியல."

"மோட்டார வேற ஆளுக்குக் கத்துக் குடுக்குறாக. நாலு இஞ்சு நல்லதுங்குறாக. வெயில் எப்ப விழும்னு கேக்குறாக. ஏம்மா, எனக்கே புரியுது."

"வந்தா ஊருல பேசுவாக. உங்க காலேஜுல பேசுவாக."

"பேசட்டும், அவுகளுக்கும் பொழுது போகணும்ல. அது இல்ல ஜெசி. அவுக இன்னும் சொல்லல. நாமளா முந்திக்கிட்டு ரூமு, பாத்ரூமுன்னு கட்டி வச்சுட்டோம்னு வையி. நாம கட்டிட்டோமேங்குறதுக்காக வந்துட்டாகன்னா? கட்டாம விட்டு, வர எடமில்லன்னு அங்கனயே இருந்துட்டாகன்னா?"

கருத்தக்கண்ணன் திரும்பி வந்ததும் அடுத்த அறையைக் குறிக்கச் சொன்னோம்.

அக்கா, யாரும் இதைப் பிரிக்கப் போவதில்லை. நேராகக் கேட்கிறேன். நீ மடத்தை விட்டு வர நினைக்கிறாயா? மழை வந்து மண் இறங்கிவிட்டால் தரை போட்டுவிடுவார்கள். போட்டால் எல்லாம் மூடிவிடும். அதற்கு முன் ஒரு வார்த்தை எழுது.

ஜன்னலில் வெயில் கொஞ்சம் தாமதம்தான். மலை தாண்டி வர வேண்டும். வந்தால் அறை முழுக்க விழும். தோட்டத்துக்கு வழி இப்போது இல்லை.

ஜெசி


கோரிப்பாளையம்
மே 28

அன்புள்ள அக்கா,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. நான் அப்படி நேராகக் கேட்டது உன்னை வருத்தியிருந்தால் பொறுத்துக்கொள்.

மழை வந்துவிட்டது. இரண்டு நாள், நின்று நின்று. நேற்று மாலை போய்ப் பார்த்தேன். வீடு குளமாகியிருந்தது. ஒவ்வோர் அறையிலும் ஓர் ஆகாயம். கூடத்தில் பெரிய ஆகாயம், சமையலறையில் சின்னது. வடகிழக்கு அறையின் தண்ணீரில் மலை தலைகீழாக நின்றது, குழாய் மூடிகள் அதன் நடுவே இரண்டு தவளைகள் மாதிரி. நான் பெல்ட்டின்மேல் உட்கார்ந்து மண் தண்ணீரைக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குமிழ் வந்து உடையும், கொஞ்சம் தள்ளி இன்னொன்று வரும். வெகு நேரம். எழுந்தபோது, இங்கே இன்னும் வீடு இல்லை என்பதே மறந்துபோயிருந்தது. குனிந்து கதவைத் தேடினேன்.

அருள்பாண்டி திருப்தியாக இருக்கிறார். "சாண் அளவுக்கு எறங்கிருச்சு டீச்சர். மேல கொஞ்சம் மண்ணப் போட்டு நெரவிட்டு, ஜூன் பாதியில தரை."

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜெசி


†
மடம், ஜூன் 7

அன்புள்ள ஜெசி,

நாளை தூய ஆவியின் பெருவிழா. பீடத்துக்குப் பூ கட்டிவிட்டு வந்து எழுதுகிறேன். நான் நலம். நீ கேட்டதற்கும் சேர்த்துத்தான் இந்த நலம்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து மூன்று முறை எழுதிக் கிழித்தேன். கையோடு சண்டை.

இங்கே யாரும் என்னைப் புண்படுத்தவில்லை. எனக்கு யார்மேலும் கசப்பில்லை. அப்படி ஏதாவது இருந்தால் சொல்வது எளிது. நடந்தது இதுதான். பீடத்தின் முன் மண்டியிட்டால் எனக்குள் ஒன்றும் அசைவதில்லை. முதலில் களைப்பு என்று நினைத்தேன், பிறகு சோதனை என்று. ஆனால் மோட்டார் அறையில், வால்வைத் திறந்துவிட்டு, மேல் தொட்டியில் தண்ணீர் விழும் ஓசைக்காகக் காத்து நிற்பேனே, அந்தக் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அசைகிறது. அதுதான் என் செபம் என்று மெல்ல மெல்லத் தெரிந்தது. வெளியே, சாதாரணமான ஒரு வீட்டில், யாரோ துணி துவைத்துக்கொண்டு யாரோ சத்தம் போட்டுக்கொண்டு இருக்கிற வீட்டில் குழாயைத் திறந்தாலும் அது வருமா? அங்கே வராவிட்டால் இங்கேதான் என் இடம். வந்தால்? எனக்குத் தெரிய வேண்டும், ஜெசி.

ஓராண்டு வெளியே வாழ அனுமதி கேட்டிருந்தேன். தவக்காலத்துக்கு முன்பே கேட்டேன். ஆயரிடமிருந்து வந்துவிட்டது. போகிறேனா இல்லையா என்று கிறிஸ்துமஸுக்குள் நான் முடிவைச் சொல்ல வேண்டும். மதர், "எந்தப் பக்கம் போனாலும் நீயாகப் போ" என்று மட்டும் சொன்னார்கள்.

யேசுதாஸ் சொன்னதை நீ எழுதியிருந்தாய். அவர் என்னை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டார். நீ ஓர் அறையைக் கட்டிவிட்டால், நீ கட்டியதற்காக வந்துவிடுவேன். நம் வீட்டில் அப்படித்தான் வளர்ந்தோம், பரிமாறியதை வீணாக்கக் கூடாது என்று. கட்டாமல் விட்டால், இடமில்லை என்று சொல்லிக்கொண்டு தங்கிவிடுவேன், அது இன்னும் எளிது. இரண்டும் என் முடிவாக இருக்காது.

ஆகையால் வா என்று எழுதாதே. வராதே என்றும் எழுதாதே. உன் வீட்டை உன் வசதிக்குக் கட்டு. அந்த அறையில் புத்தகத்தை வை. தரையைப் போடு.

யேசுதாஸுக்கு என் அன்பு. இருமல் நின்றதா என்று அவரையே எழுதச் சொல்.

தெரசா


கோரிப்பாளையம்
ஜூன் 15

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் நலம். யேசுதாஸின் இருமல் நின்றுவிட்டது. எழுதச் சொன்னால், "மதினிக்கு நான் என்னத்த எழுதுவேன், சிரிப்பு நிக்கல, இருமல் நின்னுருச்சுன்னு நீயே போடு" என்கிறார். போட்டுவிட்டேன். பள்ளி திறந்து பதினோராம் வகுப்புக்கு வரைபடப் பாடத்தில் ஆரம்பித்திருக்கிறேன். திசைக்குறி இல்லாத படத்தை நம்பாதீர்கள் என்று நான் சொன்ன வேகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் மிரண்டுவிட்டன.

நாளை தரைக் கான்கிரீட். ஜல்லியும் மணலும் இன்றே வந்து இறங்கிவிட்டன. கலவை இயந்திரம் காலையில் வரும். பகலில் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். தண்ணீர் வழி, கழிவு வழி, மின்சாரம், போன் கேபிளுக்கு ஒரு வெறும் குழாய், எல்லாம் அதனதன் இடத்தில். நீ சொன்னபடி ஒவ்வோர் அறைக்கும் வால்வு. நீ எழுதியதை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு வடகிழக்கு அறைக்கு வந்தேன். அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. குழாய் மூடிகளைத் தட்டி மண்ணுக்குள் இறக்கிவிட்டால் நாளை மத்தியானத்துக்குள் அவை கான்கிரீட்டுக்குக் கீழே போய்விடும். அருள்பாண்டி, "அடையாளத்துக்குப் பெல்ட்டுல ஒரு கோடு போட்டு வச்சுக்கங்க டீச்சர், பிற்காலத்துல ஒடைக்கணும்னா தெரியும்" என்றார். ஒடைக்கணும்னா. அந்தச் சொல் என் காதிலேயே நின்றது. இன்னொருவர் வீட்டுத் தரையை உடைக்கச் சொல்லி நீ கேட்கவே மாட்டாய்.

நான் உன்னை வா என்று எழுதவில்லை. வராதே என்றும் எழுதவில்லை. ஆனால் தரையைப் போடு என்றாயே, அதில் பாதியைத்தான் கேட்கப் போகிறேன்.

அந்த அறைக்கு நான் தரை போடப் போவதில்லை. கழிவறை கட்டவும் போவதில்லை, புத்தக அலமாரி வைக்கவும் போவதில்லை. கிழக்குச் சுவரில் வாசல் வைப்பதும் வைக்காததும் கிறிஸ்துமஸுக்குப் பிறகு. வீட்டின் மற்ற பக்கமெல்லாம் கான்கிரீட்டும் டைல்ஸுமாக எழும்பட்டும், இந்த ஓர் அறை மட்டும் மண்ணாக இருக்கும். பங்குச் சாமியார் புது வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வரும்போது இதற்குள் மட்டும் செருப்போடு நிற்கலாம். எறும்பு வரும். மழைக்காலத்தில் வாடை வரும். வருகிறவர்கள் எல்லோரும் காரணம் கேட்பார்கள், நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். நீ எந்தப் பக்கம் போனாலும் அதற்காக யாரும் எதையும் உடைக்க வேண்டியிராது.

யேசுதாஸ் இப்போது வாசலில் உட்கார்ந்து தன் சட்டைக்குத் தானே பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் இதைச் சொல்லவில்லை. அருள்பாண்டியிடமும் சொல்லவில்லை, சொன்னால் அவர் இன்று சாப்பிட மாட்டார். இந்தக் கடிதத்தையும் நாளை கான்கிரீட் போட்டு முடிந்த பிறகுதான் தபால் பெட்டியில் போடுவேன்.

காலையில் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அருள்பாண்டி கேட்பார். தெற்கிலிருந்து என்று சொல்வேன். சமையலறை, கூடம், படுக்கையறை என்று ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வந்து, அவர்கள் வடகிழக்கு அறையின் வாசலுக்கு முதல் சட்டியைத் தூக்கும்போது, "போதும்ணே" என்று சொல்வேன்.

ஜெசி